ரெண்டாவது ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன்னாடி காதை ஒருக்கா காட்டுங்க

இது கொஞ்சம் நீளமான இழை. ஒரு சாயா போட்டு வச்சுக்கிட்டு வாசிங்க.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். நாகர்கோவில் பக்கம்தான் பிராக்டிஸ். ராத்திரி கிளினிக் முடிஞ்சு வந்தா அரை மணி நேரம் பாட்டு கேக்குற பழக்கம் உண்டு, ஓரளவு சால்டரிங் அயர்ன் பிடிக்கவும் தெரியும். இது ரெண்டும் தெரிஞ்ச நோயாளிகளும் நண்பர்களும் அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு: "சாரே, ஸ்பீக்கருக்கு பின்னாடி நாலு டெர்மினல் இருக்கு. கீழ் ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப், மேல் ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப்னு தனித்தனியா குடுத்தா நல்லா கேக்குமாமே, பண்ணலாமா?"

பை-ஆம்பிங்னு இதுக்குப் பேரு. என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். நீங்க நினைக்கிற மாதிரி வெறுமனே நாலு டெர்மினல்ல ரெண்டு ஆம்பை மாட்டுறது பெரும்பாலும் வீண் செலவு. அதையே முறைப்படி, ஆம்புக்கு முன்னாடியே ஒலியைப் பிரிச்சுச் செஞ்சா உண்மையான பலன் உண்டு. ஆனா "தெளிவா கேக்கல" என்பதுக்காக இதைச் செய்யப் போறவர் 45 வயசு தாண்டினவர்னா, முதல் செலவு ஆம்புக்கு இல்ல, ஆடியோகிராமுக்கு.

ஏன்னு சொல்றேன். முதல்ல செட்டு, அப்புறம் காது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு வில்லுப்பாட்டு சொன்னா உடனே புரியும். சுடலைமாடன் கொடைக்கு வில்லு அடிக்கிறதைப் பாத்திருப்பீங்க. குடத்து வாயில மட்டையால தட்டும்போது வர்ற 'கும்' கீழ்க்குரல். வில்லுல கட்டின மணி, கையில ஜால்ரா, இதெல்லாம் மேல்குரல். நடுவுல புலவரோட குரல், உடுக்கு. இத்தனையும் ஒரே ஒரு வயர் வழியா, ஒரே அலையாக் கலந்துதான் உங்க ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வருது. பெட்டிக்குள்ள இருக்கிற கிராஸ்ஓவர்னு ஒரு சின்ன போர்டு, சுருளும் கப்பாசிட்டரும் வச்சது, குடத்தை வூஃபருக்கும் மணியை ட்வீட்டருக்கும் பிரிச்சு அனுப்பும். ரெண்டு ஸ்பீக்கர் உள்ள சாதாரணப் பெட்டியில இந்தப் பிரிவினை 2,000-3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல நடக்கும்.

நாலு டெர்மினல் உள்ள பெட்டியில அந்த வூஃபர் பாதியையும் ட்வீட்டர் பாதியையும் ஒரு பித்தளைத் தகடு சேர்த்து வச்சிருக்கும். தகட்டைக் கழட்டிட்டு ரெண்டு ஆம்ப் மாட்டினா என்ன ஆகுது? ரெண்டு ஆம்புக்கும் முழுப் பாட்டும் போகுது. குடம், மணி, புலவர் எல்லாரும் ரெண்டு ஆம்புக்குள்ளயும் இருக்காங்க. பிரிக்கிற வேலையைப் பெட்டிக்குள்ள இருக்கிற அதே பழைய போர்டுதான் பாக்குது. ஆம்போட வோல்டேஜ் எந்த உச்சியில முட்டி வெட்டுப்படுமோ, அதே உச்சியிலதான் இப்பவும் முட்டும். ட்வீட்டருக்குன்னு மாட்டின ஆம்புக்கு வேலையே கொஞ்சம்தான். ஏன்னா பாட்டுல செலவாகிற சக்தியில பெரும்பங்கு கீழ்க்குரலுக்கே போயிடும். சும்மா உக்காந்திருக்கிற ஆளுக்குச் சம்பளம் குடுக்கிற மாதிரி.

"ஆனா வித்தியாசம் தெரியுது சாரே"ன்னு சொல்றவங்க உண்டு. தெரியலாம். ரெண்டு ஆம்பும் ஒரே மாடல் இல்லாம, ஒண்ணு கொஞ்சம் கூடுதலாப் பெருக்கிச்சுன்னா ட்வீட்டர் எடுப்பாக் கேக்கும். அது உங்க பழைய ஆம்புல ட்ரெபிள் திருகைக் கொஞ்சம் திருப்பினாலும் கிடைக்கிற வித்தியாசம்தான்.

சரி, முறைப்படி செய்றதுன்னா என்ன? பிரிக்கிற வேலையை ஆம்புக்கு முன்னாடியே, மில்லிவோல்ட் கணக்குல இருக்கிற சின்ன சிக்னல்லயே முடிச்சிடுறது. குடம் மட்டும் ஒரு ஆம்புக்கு, மணி மட்டும் இன்னொரு ஆம்புக்கு. பெட்டிக்குள்ள இருக்கிற சுருளையும் கப்பாசிட்டரையும் தூக்கிட்டு, ஆம்பை நேரா வூஃபரோட கட்டுறது. இதுல குடம் ஓங்கி அடிச்சு ஒரு ஆம்ப் திணறினாலும் மணிச் சத்தம் சிதறாது. கீழும் மேலும் ஒரே ஆம்புல ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உச்சியில முட்டுற பிரச்சினை இல்லாததால, ரெண்டு சின்ன ஆம்ப் சேர்ந்து ஒரு பெரிய ஆம்போட வேலையைச் செய்யும். இதுக்கான வடிகட்டிக் கணக்கை ஹியூலெட் பேக்கார்ட்ல வேலை பார்த்த லிங்க்விட்ஸ், ரைலின்னு ரெண்டு பொறியாளர்கள் செஞ்சாங்க, 1976-ல் வெளியாச்சு. இன்னைக்கு உலகத்துல பாதி மேடைகள்ல ஓடுறது அவங்க பேர் கொண்ட கிராஸ்ஓவர்தான்னு சொன்னா பெருசா மிகையில்ல.

இதுல நமக்குப் பெருமை ஒண்ணு உண்டு. பெரிய புத்தகம் எதுவும் வாசிக்காம இதை நம்ம மைக் செட் ஆட்கள் ரொம்ப வருஷமாச் செய்றாங்க. மண்டைக்காடு மாசிக் கொடைக்கோ கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ போனா மேடைக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. டாப் பெட்டிக்குத் தனி ஆம்ப், பேஸ் பெட்டிக்குத் தனி ஆம்ப், நடுவுல ஒரு கிராஸ்ஓவர்.

வீட்டுக்குள்ள வந்தாலும் அப்படித்தான். கல்ஃபுலேருந்து டூ-இன்-ஒன் வந்த காலம் போய், ஊர் ரேடியோ மெக்கானிக் அசெம்பிள் பண்ணின செட்டு வந்த காலத்தை 40 வயசுக்கு மேல உள்ளவங்க மறந்திருக்க மாட்டீங்க. தகரப் பெட்டி, முன்னாடி கலர் லைட்டு, உள்ளே சான்யோ கம்பெனியோட எல்.ஏ.4440 ஐ.சி., கொஞ்சம் காசு உள்ளவருக்கு எஸ்.டி.கே., அதுக்கும் மேல 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி. இந்த எல்.ஏ.4440 சேனலுக்கு 6 வாட்டு தரும். ரெண்டு சேனலையும் சேர்த்துப் பிரிட்ஜ் பண்ணினா 19 வாட்டு. (பெட்டி மேல 1000 வாட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அது வேற கதை.) மெக்கானிக் அண்ணன் என்ன செய்வார்? ஸ்டீரியோவுக்கு ஒரு போர்டு, பேஸுக்குன்னு தனியா இன்னொரு போர்டு, அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பேஸ் ஃபில்டர் போர்டு. முழுக்க முழுக்க இல்லாட்டியும், தத்துவம் அதேதான்: முதல்ல பிரி, அப்புறம் பெருக்கு. அதனாலதான் அந்த 6 வாட்டு, சின்ன ஹாலுக்கு அவ்வளவு நல்லாக் கேட்டுச்சு. இன்னைக்குக் கடையில கிடைக்கிற 2.1 செட்டும் அதே வம்சம்.

அதனால "தனித்தனி ஆம்ப்" என்கிற யோசனையே தப்புன்னு நான் சொல்லல. வீட்டுல இதைச் செய்ய எளிய வழி, சொந்த ஆம்பும் சொந்த ஃபில்டரும் உள்ள ஒரு நல்ல சப்வூஃபர். 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல பிரிச்சு, அதுக்கு மேல உள்ளதை மட்டும் பழைய ஆம்புக்கு விட வசதி இருந்தா அதையும் செஞ்சுடுங்க. பாரத்துல பெரும்பகுதி இறங்கிடும்.

இனி டாக்டர் பேசுறேன்.

ஆம்ப் சக்தியை ரெண்டு மடங்காக்கினா ஒலி எவ்வளவு கூடும்? 3 டெசிபல். கவனிச்சுக் கேட்டா 'ஆமா, லேசாக் கூடியிருக்கு'ன்னு சொல்ற அளவு. காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும்; அதுக்குப் பத்து மடங்கு சக்தி வேணும். 20 டெசிபலுக்கு நூறு மடங்கு. 30 டெசிபலுக்கு ஆயிரம் மடங்கு. இந்தக் கடைசி எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க.

இப்போ காதுக்கான கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-ல் 20 மணி நேரம், 86-ல் 10, 89-ல் 5, 92-ல் ரெண்டரை மணி நேரம். வாரம் முழுக்கச் சேர்த்து. அதாவது சக்தியை ரெண்டு மடங்காக்கி, 'லேசாக் கூடியிருக்கு' என்கிற அந்த மகிழ்ச்சியை வாங்கினீங்கன்னா, பாதுகாப்பாப் பாட்டுக் கேக்குற நேரத்துல பாதியை அதுக்கு விலையாக் குடுக்குறீங்க.

உங்க காதுக்குள்ளயும் இதே ஏற்பாடுதான் இருக்கு. நம்ம மெக்கானிக் அண்ணன் செஞ்சதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமா.

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய், காக்ளியா. நீட்டினா சுமார் 35 மில்லிமீட்டர். அதுக்குள்ள ஓடுற ஒரு சவ்வு, ஒலியை இடம் வாரியாப் பிரிக்கும். வாசல் பக்கம் மேல்குரல்; சுருளோட உச்சிக்குப் போகப் போக கீழ்க்குரல். மணி வாசல்லயே நின்னுடும், குடம் உள் கோடி வரை போகும். இதைக் கண்டுபிடிச்ச பெக்கெஷிக்கு 1961-ல் நோபல் பரிசு குடுத்தாங்க. அந்தச் சவ்வு மேல ரெண்டு வகை மயிரணுக்கள். சுமார் 3,500 உள் மயிரணுக்கள், இதுதான் மூளைக்குச் செய்தி சொல்றது. சுமார் 12,000 வெளி மயிரணுக்கள், இதோட வேலை என்ன தெரியுமா? பெருக்குறது. சத்தம் வந்ததும் இந்த அணுக்கள் நீண்டு சுருங்கி, தன் இடத்துக்கு வர்ற அதிர்வை மட்டும் 40-50 டெசிபல் வரை தூக்கிக் குடுக்கும். முதல்ல பிரி, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பெருக்கு. காதுக்கு 12,000 ஆம்ப்!

இதைக் கதையாச் சொல்லல. 1978-ல் டேவிட் கெம்ப் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி, காதுக்குள்ளேருந்து ஒலி வெளிய வர்றதை மைக் வச்சுப் பதிவு பண்ணினார். ஆம்ப் ஓடுற சத்தம்தான் அது. இன்னைக்குப் பிறந்த குழந்தைக்குக் காது கேக்குதான்னு பாக்க, தூங்குற பிள்ளையோட காதுல சின்னக் குமிழ் வச்சு டெஸ்ட் பண்றோமே, அது இதை நம்பித்தான்.

இந்த ஆம்புகளுக்கு ஸ்பேர் கிடையாது. கோழிக்குப் போனா திரும்ப முளைக்கும். மனுசனுக்கு முளைக்காது.

சத்தத்தால முதல்ல சாகுறது எது? 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற அணுக்கள். இப்போ மேல போய்ப் பாருங்க: ட்வீட்டர் வேலை ஆரம்பிக்கிற இடம் 2,000-3,000. அதாவது காது கெடும்போது முதல்ல போறது உங்க ட்வீட்டரோட பங்குதான். வில்லு மணி போகும். ஜால்ரா போகும். 'ச', 'த', 'க' மாதிரி மெய்யெழுத்தோட கூர்மை போகும். சட்டியா, தட்டியா, கட்டியான்னு குழப்பம் வரும். குடமும் உயிரெழுத்தும் நல்லாவே கேக்கும். அதனால அவருக்குத் தன் காது கெட்டதாத் தோணவே தோணாது. "சத்தம் கேக்குது, தெளிவில்ல" என்பார். ஸ்பீக்கர் மங்கிட்டுன்னு நினைப்பார்.

நம்ம மாவட்டத்துல யாருக்கெல்லாம் இது வரும்? வள்ளத்துல எஞ்சின் பக்கத்துலயே வருஷக்கணக்கா உக்காந்த கடற்கரைக்காரர். விசைப்படகு எஞ்சின் அறையில தூங்கி எழுந்தவர். கல்குவாரியில டிரில் பிடிச்சவர். வளைகுடாவுல கம்ப்ரசரும் ஜெனரேட்டரும் ஓடுற சைட்டுல இருபது வருஷம் நின்னவர். பழைய பஸ் டிரைவர். மைக் செட் ஓட்டினவர். கவனிச்சீங்களா? கையில கொஞ்சம் பணத்தோட ஊருக்குத் திரும்பி, 'இனிமே நிம்மதியாப் பாட்டுக் கேக்கணும்'னு நல்ல செட்டு வாங்குறவங்களும் இதே ஆட்கள்தான்.

ஒருத்தரைப் பத்திச் சொல்றேன், அடையாளம் தெரியாத அளவுக்கு மாத்தித்தான். அம்பது தாண்டினவர், வெளிநாட்டுல சைட்டு வேலை. ஊருக்கு வந்து வீடு கட்டினார், ஹாலுக்கு ஒரு செட்டு வாங்கினார். தெளிவில்லன்னு ஸ்பீக்கரை மாத்தினார். அப்புறம் வயரை மாத்தினார். அடுத்ததா ரெண்டாவது ஆம்புக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறார். காலேஜ் படிக்கிற மகள்தான் கூட்டிட்டு வந்தா, அதுவும் வேற புகாரோட: "அப்பா வச்சு கேக்குற பாட்டு எங்களுக்கு ஊசி குத்துற மாதிரி இருக்கு டாக்டர், அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திட்டுத்தான் வேலையே பாக்குறாங்க."

அவர் சிரிச்சுக்கிட்டே, "அதுவளுக்குப் பாட்டு ருசி இல்ல சாரே" என்றார்.

ஆடியோகிராம் எடுத்தோம். கீழ்க்குரல்ல இயல்பான காது. 4,000-ல் ரெண்டு காதும் 50 டெசிபலுக்குக் கீழ விழுந்து கிடக்கு, 8,000-ல் கொஞ்சம் ஏறுது. சத்தத்தால கெட்ட காதோட கையெழுத்து அது. ட்ரெபிளை முழுசாத் திருகி வச்சுத்தான் அவர் கேட்டுட்டு இருந்திருக்கார். நல்ல காது உள்ள மகளுக்கு அது ஊசியாத்தானே இருக்கும்.

இப்போ அந்த ஆயிரம் மடங்கை எடுங்க. 4,000 ஹெர்ட்ஸ்ல இயல்பான காதைவிட 30 டெசிபல் குறைவு உள்ளவருக்கு அதை ஆம்பால ஈடுகட்டணும்னா, அந்தப் பகுதியில மட்டும் ஆயிரம் மடங்கு சக்தி வேணும். ட்வீட்டர் கருகிப் போகும். அதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிற மயிரணுவும் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. வெளி மயிரணு செய்ற பெருக்கம் மெல்லிய சத்தத்துக்குத்தான் அதிகம், ஓங்கின சத்தத்துக்குக் குறைவு. அது போயிட்டா மெதுவாச் சொல்றது கேக்காது, கொஞ்சம் சத்தமாச் சொன்னா "ஏம்லே இப்பிடிக் கத்துத?"ன்னு கோபம் வரும். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இதைப் பாத்திருப்பீங்க. அவங்க வீம்பு பண்ணல, அவங்க காது அப்படி. வால்யூம் திருகால இதைச் சரி செய்யவே முடியாது. எல்லாத்தையும் ஒண்ணாத் தூக்கும்.

இதைச் சரியாச் செய்யக்கூடிய ஒரு கருவி இருக்கு. ஒலியைப் பல பட்டைகளாப் பிரிச்சு, எந்தப் பட்டையில உங்களுக்குக் குறையோ அதை மட்டும், அதுலயும் மெல்லிய சத்தத்தை அதிகமாவும் ஓங்கின சத்தத்தைக் குறைவாவும் பெருக்கிக் குடுக்கும். டிஜிட்டல் காது கேக்கும் கருவி. 'தனித்தனி ஆம்ப்' என்கிற யோசனை முழுசா நிறைவேறுற இடம் அதுதான், நம்ம ஹால் இல்ல. அந்த மனுசனுக்கு நான் சொன்னதும் இதுதான்: ஆம்பு வாங்குங்க, ஆனா காதுக்குள்ள வைக்கிற ஆம்பு.

உடனே ஒத்துக்கிட்டாரான்னு கேட்டா, இல்ல. மூணு மாசம் ஆச்சு. கண்ணாடி போட்டா படிச்சவர்னு மரியாதை, காதுல மெஷின் வச்சா கெழவன்னு கேலி. இந்த வெக்கம் எவ்வளவு பேரைக் கல்யாண வீட்டுல ஓரமா, பேச்சுல கலந்துக்காம உக்கார வச்சிருக்கு தெரியுமா? 2020-ல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்குக் காரணமா, நம்மால மாத்தக்கூடிய 12 விஷயங்களைப் பட்டியல் போட்டுது. காது கேளாமை அதுல ஒண்ணு. நான் யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லல. மெஷின் வச்ச பிறகு ஜால்ரா சத்தத்தை மறுபடி கேட்டுட்டு அவர் அதிசயிச்சதை நான் பாத்தேன். பாட்டுக் கேக்கும்போது பயன்படுத்த தனி புரோகிராம் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்க. பேச்சுக்கான அமைப்புலயே விட்டா பாட்டு தகரம் மாதிரி இருக்கும். பலர் இதுக்காகவே கழட்டிப் போட்டுடுறாங்க.

எல்லாருக்கும் நரம்புக் குறைதான்னு இல்ல. சில பேருக்கு வெறும் குறும்பி அடைச்சிருக்கும், எடுத்து விட்டா ரெண்டு நிமிஷத்துல ட்வீட்டர் திரும்ப வந்துடும். அதுக்காக நீங்களே பட்ஸும் கோழிச் சிறகும் விட்டுக் குடையாதீங்க. காட்டுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. நமக்கு ஆசாரிப்பள்ளம் பக்கம்தானே.

காது நல்லா இருக்கு, இன்னும் தெளிவில்லையா? அப்போ ஹாலைப் பாருங்க. பழைய ஓட்டு வீடு, மரத்தட்டு, பாய், கட்டில்னு இருந்த காலத்துல எதிரொலி குறைவு. இப்போ கான்கிரீட் கூரை, பளபளன்னு டைல்ஸ், வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். கை தட்டிப் பாருங்க, 'டிங்'னு ஒரு வால் நீளும். அந்த வாலை எந்த ஆம்பும் வெட்டாது. கனமான திரை, தரையில ஒரு விரிப்பு, ஒரு புத்தக அலமாரி, பெட்டியை மூலையிலேருந்து ரெண்டு அடி முன்னாடி இழுத்து வைக்கிறது, இதெல்லாம் ரெண்டாவது ஆம்பைவிட அதிகம் செய்யும். காசும் குறைவு.

இத்தனைக்கும் பிறகு செய்யத்தான் போறேன்னா, செய்யுங்க, அது உங்க சந்தோஷம். ஆனா சில விஷயம், இதுல உயிர் சம்பந்தப்பட்டதும் இருக்கு.

ரெண்டு ஆம்பை ஒண்ணா இணைச்சா பெரும்பாலான வீடுகள்ல முதல்ல வர்றது 'ம்ம்ம்'னு ஒரு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ரெண்டு எர்த் வழி உருவாகி அதுல மின்சாரம் சுத்துறதால வருது. இதுக்குத் தெரிஞ்சவங்க சொல்ற வைத்தியம், "ஒரு பிளக்குல எர்த் பின்னை வெட்டி விட்டுடு, சத்தம் நின்னுடும்." நிக்கும். ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மர்ல கசிவு வந்து பெட்டிக்குக் கரண்ட் ஏறினா, ஈரக் கையோட தொடுற பிள்ளையும் நின்னுடும். எர்த் பின்னை வெட்டவே வெட்டாதீங்க. ரெண்டு ஆம்பையும் ஒரே போர்டுல சொருகுங்க, சிக்னல் வயருக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்னு சின்னதா ஒண்ணு கிடைக்கும், அதைப் போடுங்க. வீட்டு மெயின்ல கசிவைக் கண்டு டிரிப் ஆகிற ஆர்.சி.சி.பி. இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. ஆம்ப் இருக்கோ இல்லையோ, இதைப் பாருங்க.

பித்தளைத் தகட்டைக் கழட்டாம ரெண்டாவது ஆம்பை மாட்டினா, ஒரு ஆம்போட வெளியீடு இன்னொண்ணு மேல நேரா மோதும், புகை வரும். கிராஸ்ஓவர் போர்டைத் தூக்கிட்டு ட்வீட்டரை நேரா ஆம்போட கட்டுறவங்க, தொடர்ல ஒரு கப்பாசிட்டராவது விட்டு வையுங்க. இல்லாட்டி ஸ்விட்ச் போடும்போது வர்ற 'டப்'புலயே ட்வீட்டர் போயிடும். கடற்கரை வீடுன்னா டெர்மினலை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கழட்டித் துடைங்க, உப்புக்காத்து பித்தளையைப் பச்சையாக்கிடும். நமக்கு ரெண்டு மழைக்காலம். இடி கேட்டா பிளக்கைப் பிடுங்கிடுங்க.

பக்கத்து வீட்டையும் மறக்காதீங்க. ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55, ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை 45 டெசிபல். வீட்டுல தனியார் வச்சிருக்கிற செட்டுன்னா, உங்க எல்லைச் சுவர்ல அளந்தா அதைவிட 5 டெசிபலுக்கு மேல கூடக் கூடாது. கொடையிலயும் திருவிழாவுலயும் இதை யார் பாக்குறான்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், அதுக்குத் தனியா ஒரு இழை எழுதணும். ஆனா அங்க நடக்கிறது, உங்க வீட்டுக்கு அனுமதி இல்ல.

வீட்டுல சத்தம் எவ்வளவுன்னு தெரிய போன்ல இலவச ஆப் இருக்கு. துல்லியமா இருக்காது, குத்துமதிப்புக்குப் போதும். அதுவும் வேண்டாம்னா, ஒரு கை தூரத்துல நிக்கிறவர்கிட்ட பேச குரலை உயர்த்த வேண்டியிருக்கா? அப்போ 80 தாண்டியாச்சு. பாட்டு நின்ன பிறகு காதுல 'ஙொய்'னு ரீங்காரம் இருந்தா, அன்னைக்குக் கேட்டது அதிகம். மறுநாளும் நிக்கலைன்னா வாங்க.

கடைசியா ஒண்ணு, இதைத் தயவுசெஞ்சு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வையுங்க. ஒரு நாள் காலையில செட்டைப் போடுறீங்க, இடது பக்கம் மட்டும் மங்கலா, அடைச்ச மாதிரி கேக்குது. ஆம்புல ஒரு சேனல் போயிட்டுன்னு நினைக்காதீங்க. நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காருங்க. மங்கல் இப்போ வலது பக்கம் மாறிட்டுன்னா கோளாறு செட்டுல, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அதே இடது காதுலயே இருந்தா கோளாறு காதுல. குறும்பியாவும் இருக்கலாம், திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மையாவும் இருக்கலாம். ரெண்டாவதுன்னா ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாள்லயே ஆரம்பிச்சாத்தான் கேள்வி திரும்புற வாய்ப்பு அதிகம்; வாரங்கள் தள்ளத் தள்ள அது குறைஞ்சுகிட்டே போகும். ரெண்டு வாரம் ஸ்பீக்கர் வயரை மாத்தி மாத்திப் பாத்துட்டு, மூணாவது வாரம் என்கிட்ட வந்தவங்க இருக்காங்க. நீங்க அன்னைக்கே வாங்க.